செவ்வாய் விடுமுறை

ஜூலை 4, செவ்வாய்

இன்று கடைக்கு லீவு. ஊருக்கெல்லாம் ஞாயிறு என்றால் சலூன்காரனுக்குச் செவ்வாய். கண்ணாடியைத் துடைத்தேன், சீப்புகளை டெட்டால் தண்ணீரில் ஊறப்போட்டேன், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன். பதினொரு மணி வாக்கில் தரணி வந்தான்.

எண்ணெய் மில் முதலாளியின் ஒரே மகன் கும்பலோடு கும்பலாக பெஞ்சில் உட்கார்ந்து முறை வரும்வரை காத்திருக்கமாட்டான், அதனால்தான் லீவு நாளில் தனியாக வந்து வெட்டிக்கொள்கிறான் என்று ஊர் நம்புகிறது. அவர்களாகவே கற்பித்துக்கொண்ட காரணம்தான். நாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரிய வீட்டுத் திமிர் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டு வருடமாக அந்தத் திமிர்தான் எங்களைக் காப்பாற்றி வருகிறது. வாராவாரம் வெட்ட அவன் தலையில் அவ்வளவு முடி ஏது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

காதுக்குப் பின்னால் மெஷின் ஓட்டும்போது சொன்னான். பெருந்துறைப் பக்கம் பெண் பார்த்திருக்கிறார்களாம். பெயர் சௌமியா. விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். தலையை ஆட்டாதே என்றேன். ஆட்டாமல் இருந்தான்.

அவன் போன பிறகு தரையைக் கழுவிவிட்டேன். காய்ந்ததும் மறுபடியும் கழுவினேன். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூலை 6, வியாழன்

அப்பாவைக் காங்கேயத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தொண்டை ஆபரேஷன் ஆறிவிட்டது, குரல் இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் மிச்சமிருப்பது கிசுகிசுப்பு மட்டும். வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இளநீர்க்காரரிடம் வழுக்கை வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தக் குரலுக்கு ஒரு காலம் இருந்தது. எங்கள் பக்கம் பண்ணையக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் நாவிதர்களாகிய எங்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முகூர்த்தத்தன்று காலை மாப்பிள்ளைக்குப் பால் தடவி முகம் வழிக்க வேண்டும். தாலி கட்டியதும் மேடையேறி வாழ்த்துப் பாட வேண்டும். அந்த வாழ்த்து இல்லாமல் கல்யாணம் நிறைவடையாது என்பார்கள். மற்ற நாளெல்லாம் வாசற்படிக்கு இந்தப்பக்கம் நிற்கிறவன் அன்று ஒரு நாள் மேடைமேல் நிற்பான். இறங்கியதும் பழையபடி பின்கட்டு.

தரணி வீட்டுப் பின்கட்டில் அப்பாவுக்கென்று ஒரு டம்ளர் சுவரோரம் கவிழ்ந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். கோயமுத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த தரணி குழாயடிக்கு வந்தான். அந்த டம்ளரை எடுத்தான், தண்ணீர் பிடித்தான், என்னைப் பார்த்துக்கொண்டே வாய் வைத்துக் குடித்தான். அன்று விழுந்தவன்தான் நான், இன்னும் எழவில்லை. அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

தரணி வந்தான். பேச்சு முழுக்க கோயமுத்தூர். நான் வேலை பழகிய சலூனில் எனக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மாடிப்போர்ஷன் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு நண்பர்கள் சேர்ந்து தங்கியிருந்தால் அங்கே ஏன் என்று கேட்க ஆளில்லை. கீழேயே செக்கு எண்ணெய்க் கடை போடுவதாகத் தரணி திட்டம் வைத்திருக்கிறான். பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்பது வரை பேசிவிட்டோம். பாக்கி ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் வேண்டாம் என்று அவன் வீட்டில் சொல்ல வேண்டும்.

"ஆடி முடியறதுக்குள்ள அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன். நம்பு பூபதி" என்றான்.

நம்பினேன். நம்புவதற்கு என்ன கேடு.

ஜூலை 14, வெள்ளி

ஆடி பிறப்பதற்கு முன்பே நிச்சயத்தை முடித்துவிட்டார்கள். ஆவணி மூன்றாம் தேதி முகூர்த்தம். பெரியவர், அதாவது தரணியின் அப்பா, எங்களைப் பின்கட்டுக்கு வரச்சொல்லி வெற்றிலை பாக்கு கொடுத்தார். ரங்கனுக்குக் குரல் போனால் என்ன, மகன் பாடட்டும் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், தரணியின் சிரிப்பு போலத்தான் இருந்தது.

வேறு ஒருத்தன் அவன் முகத்தைத் தொட வேண்டாம் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். இதை எழுதிய பிறகு படித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 18, செவ்வாய்

வரவில்லை. பத்திரிகை அடிக்க ஈரோடு போயிருக்கிறானாம்.

ஜூலை 25, செவ்வாய்

வந்தான். பெரியவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இந்த வாரம் பேச முடியாது என்றான். போன வாரம் பத்திரிகை, இந்த வாரம் ரத்த அழுத்தம். அடுத்த வாரம் மில்லில் எலி செத்துக் கிடக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நான் சொன்னதும் சிரிப்பதற்காக இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சண்டை போடக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவெடுத்துத் தாராபுரம் போனோம். அமராவதியில் தண்ணீர் போகிறது. வேட்டியை மடித்துக்கட்டி முழங்கால் ஆழத்தில் நின்றோம். தரணிக்கு நீச்சல் தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். தோள்மேல் கைபோட்டுக்கொண்டு இரண்டு ஆண்கள் நின்றால் இந்த நாட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்களைப்போல அதிர்ஷ்டக்காரர்கள் உண்டா.

ஓட்டலில் புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு என் தட்டிலும் குருமா ஊற்றினான். எனக்குத் தேங்காய்ப்பால் அதிகம் போட்டால் ஒத்துக்கொள்ளாது என்று பரிமாறுகிறவரிடம் சொன்னான். வீட்டுக்காரம்மா மாதிரிப் பேசுகிறாய் என்று கேலி செய்தேன். முகம் சிவந்துவிட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தரணி இன்று தலைமுடிக்கு வரவில்லை. நாற்காலியில் உட்காராமல் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பாவிடம் சொல்ல முடியாது என்றான். எத்தனையோ முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறானாம். அதன் பிறகு வேறு ஒரு வழி சொன்னான்.

"கத்தி லேசாப் பட்டாப் போதும். மாப்பிள்ள முகத்துல ரத்தம் வந்தா எங்கப்பா முகூர்த்தத்த நிறுத்திப்போடுவாரு. கை தவறிப்போச்சுன்னு நீ சொல்லிக்கலாம்."

அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான். பெரியவருக்குச் சகுனம் என்றால் உயிர். அவருடைய தம்பி கல்யாணத்தில் குத்துவிளக்கு சாய்ந்தது என்று முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு அந்தச் சம்பந்தமே நின்றுபோனது ஊரறிந்த கதை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"தவறுனா என்ற கைய முறிப்பாங்க. எங்கப்பன ஊர்ல நடக்க உடமாட்டாங்க. உனக்கு வாய் இருக்குதில்ல, அதுல சொல்லு."

"வாய் வரமாட்டீங்குது பூபதி."

கத்தியும் என் கையும் அவனுக்கு வேண்டும். பழியும் என்னோடு இருக்க வேண்டும். அவன் பாவம்போல நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பெரிய வீட்டில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. நான் இதையும் சொன்னேன். அவன் அழுதான். அழுதால் எனக்குக் கோபம் தங்காது என்று அவனுக்குத் தெரியும். முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். செய்யமாட்டேன் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

நல்ல கூட்டம். கல்யாண சீசன் வருகிறதே. ஒருத்தர் கன்னத்தை வழிக்கும்போது, கத்தி லேசாகப் பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்ன தம்பி தூங்கிட்டீங்களா என்றார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

தரணி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டுக் குழந்தைகள் மிட்டாயோடு போனார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே அவர்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. மத்தியானம்வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பெரிய வீட்டிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வேட்டி துண்டு வந்திருந்தது. அம்மா பிரித்துப் பார்த்து, நல்ல கரை என்றாள். அப்பா தன் பழைய சவரக்கத்தியைத் துணியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிசுகிசுத்தார்.

"முடியாதுன்னாச் சொல்லு சாமி. வெள்ளகோயில்ல இருந்து மாமன வரச்சொல்றேன். அவன் பாடட்டும்."

ஏன் முடியாமல், எனக்கு என்ன என்றேன். அப்பா கத்தி சுற்றியிருந்த துணியை மடித்து வைத்தார். செவ்வாய்க்கிழமையில் கடையிலேயே கிடக்காதே, எங்கேயாவது வெளியே போய்வா என்றார். அம்மா சோறு போட்டாள். கத்திரிக்காய்ப் பொரியலில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

நாளைக்கு முகூர்த்தம். கத்தியைத் தோல்வாரில் தீட்டினேன். புறங்கை முடியில் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக எடுத்தது.

தரணி இன்றைக்காவது சொல்லிவிடுவான். ஆளைத் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், கடைசி நிமிடத்தில்தான் அவனுக்கு எல்லாம் வரும். பரீட்சைக்குக்கூட அப்படித்தான் படித்தானாம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கட்டைவிரலில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. எனக்கு இடது கைப் பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் அடித்தும் மாறாதது இன்றுதான் உபத்திரவமாக இருக்கிறது. எழுதுவதும் கத்திரிப்பதும் இடது கை, கத்தி பிடிப்பது மட்டும் வலது.

விடியற்காலையில் மண்டபத்துக்குப் போனோம். பந்தலில் முக்காலி போட்டுத் தரணியை உட்கார வைத்தார்கள். புது வேட்டி, வெறும் மார்பு, தூங்காத கண். எதிரே பெரியவர், சுற்றிலும் பெண்கள், எனக்குப் பின்னால் அப்பா. பால் கிண்ணம் என் பக்கத்தில் மணைமேல் இருந்தது. மற்ற வீடுகளில் இப்போதெல்லாம் கத்தியைக் கன்னத்தில் சும்மா தொட்டு எடுத்தால் போதும் என்பார்கள். பெரியவர் முறைப்படி முழுக்க வழிக்கச் சொன்னார்.

பாலைத் தொட்டு அவன் கன்னத்தில் தடவினேன். அத்தனை பேர் எதிரில் அவனைத் தொடுவது அதுதான் முதல் தடவை. வழக்கமாக நான் தொட்டதும் அவன் கண்ணை மூடிக்கொள்வான். இன்றும் மூடிக்கொண்டான். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னமும் முடிந்தது. தாடைக்கு அடியில் கத்தி வைத்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் தலையை லேசாக அசைத்தேன். செய்யமாட்டேன் என்று அர்த்தம். அவனுக்குப் புரிந்தது.

உடனே கழுத்தைக் கத்தி மேல் திருப்பினான். நன்றாகத் தெரிந்தே திருப்பினான்.

தோலை இழுத்துப் பிடித்திருந்த என் இடது கட்டைவிரல் எனக்கு முன்னால் போய்விட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் நாற்காலியில் தும்மியிருக்கிறார்கள், தூங்கி விழுந்திருக்கிறார்கள். கத்திக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் போவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. கத்தி என் விரலில் இறங்கியது. அவன் கழுத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

ரத்தம் அவன் தோளில் கிடந்த துண்டில் சொட்டியது. கையை இழுக்கும்போது பால் கிண்ணத்திலும் விழுந்தது. பால் இளஞ்சிவப்பாக மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். நாதஸ்வரம் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் எழுந்து வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"யாருதுடா?" என்றார்.

தரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் சொல்வதற்கு அந்த இடம் போதும். நான் காத்திருந்தேன். எல்லோரும்தான் காத்திருந்தார்கள்.

"என்னுதுங்க" என்றேன்.

பெரியவர் மகனுடைய முகவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்பச் செரி. வேற பால் கொண்டாங்க."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு அம்மா சிரிக்கக்கூடச் செய்தார். சிவந்த பாலை யாரோ வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார்கள். அப்பா தனக்குக் கொடுத்த புதுத் துண்டின் கரையைக் கிழித்து என் விரலில் கட்டினார். வேறு பால் வந்தது. நான் மிச்சத்தை வழிக்கக் குனிந்தேன். தரணி வாயைத் திறந்தான். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"பாலு சில்லுனு இருக்குது" என்றான்.

தாலி கட்டினான். நான் மேடையேறி வாழ்த்துப் பாடினேன். ஒவ்வோர் அடிக்கும் மத்தளத்தில் ஒரு தட்டு விழும், அந்த இடைவெளியில் மூச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன். உடையவில்லை. அப்பாவின் குரல் அப்படியே வந்திருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளை குட்டிகளோடு நெடுங்காலம் வாழச் சொல்லும் இடத்தை அப்பா எப்போதும் இழுத்துப் பாடுவார். நானும் இழுத்துப் பாடினேன். அவன் தலை குனிந்திருந்தான்.

இறங்கும்போது அந்தப் பெண், சௌமியா, மெதுவாக, "ரொம்ப வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டது. அந்த மண்டபத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள். அந்தப் பெண்ணை வெறுக்கலாம் என்று வைத்திருந்தேன், அதற்கும் வழியில்லாமல் போனது.

பின்பந்தியில் சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்தது என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கடைக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன். பழக்கதோஷம்.

இரண்டு வருடத்தில் எனக்காக அவனாகத் துணிந்து செய்த ஒரே காரியம் கத்தி மேல் கழுத்தைத் திருப்பியதுதான். எல்லோர் எதிரிலும் செய்தான். அதை என் விரல் கெடுத்துவிட்டது. விரல் போகாமல் இருந்திருந்தால் கீறலோடு நின்றிருக்குமா, நரம்பு போயிருக்குமா என்று சொல்ல முடியாது. அவ்வளவு வேகமாகத்தான் திருப்பினான். அவன் செத்துப்போயிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது கை சில்லிட்டுப்போகிறது. அவன் இப்போது பெருந்துறையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

கோயமுத்தூர் முதலாளிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இன்று கடையைத் திறந்தேன். ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டேன், எஃப்எம் போட்டேன். எதிர் உரக்கடைக்காரர் இன்று என்ன கிழமை என்றே குழம்பிப்போனார். சலூன்காரர் சங்கத்துச் செயலாளர் வந்து சத்தம் போட்டார். செவ்வாயில் யார் முடி வெட்ட வருவார்கள், நீ மட்டும் திறந்தால் மற்றவன் பிழைக்க வேண்டாமா என்றார். சும்மா வீட்டில் இருக்க முடியவில்லை அண்ணா என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வைது முடிக்காமலே போய்விட்டார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

திறந்தேன். மில் லாரி டிரைவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இது தேவலை என்றார்கள். விரல் கட்டைப் பிரித்துவிட்டேன். தழும்பு நிற்கும்போலிருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் நல்ல கூட்டம். பெஞ்சில் இடமில்லை. பதினொரு மணி வாக்கில் பைக் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது.

தரணி வாசலில் நின்று முழுக்க ஏற்றியிருந்த ஷட்டரைப் பார்த்தான், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். கழுத்தில் புதுச் சங்கிலி. முகத்தில் பத்து நாள் தாடி. உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதைக்கு எழுந்து, நீங்க மொதல்ல பண்ணிக்கோங்க என்றார்கள்.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கும்பலோடு கும்பலாக, முறை வரும்வரை உட்கார்ந்திருந்தான். பேப்பரைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. வாங்க, உக்காருங்க என்றேன். இந்தக் கடைக்குள் நான் அவனை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்தான். துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினேன்.

"இன்னைக்கு லீவில்லையா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"இப்பெல்லாம் செவ்வாக்கெழம தொறக்கறனுங்க."

பிளேடு வேண்டாம் என்று அப்பாவின் கத்தியை எடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். சோப்பு தடவினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இடது கன்னம் முடிந்தது, வலது கன்னமும் முடிந்தது. தாடைக்கு அடியில் கத்தி வைத்தபோது கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் கொப்பரை விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். அவனுக்கும் அது தெரிந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அவன் அசையவில்லை.